சமவெளியில் மேகம், மலையில் வெள்ளம்

1

இங்கே எங்கள் அணையில் தண்ணீரைத் திறப்பதற்கு முன் மூன்று முறை சைரன் ஊதுவார்கள். ஊதுவார்கள் என்ன, பாதி நாள் ஊதுவது நான்தான். போர்ச்சுகலின் தெற்குப் பகுதியில், ஆட்டு மந்தைகளுக்கும் கார்க் மரங்களுக்கும் நடுவே ஒரு பெரிய நீர்த்தேக்கம். அதன்மேல் பாய் விரித்தாற்போல் சூரியத் தகடுகள் மிதக்கின்றன. அணையின் காலடியில் தண்ணீரால் சுழலும் எந்திரங்கள். இரண்டுக்கும் ஒரே கட்டுப்பாட்டு அறை. ஒன்பது வருடமாக அந்த அறையில் எனக்கொரு நாற்காலி இருக்கிறது.

வேலையைச் சொல்வது சுலபம். வெயில் அடிக்கும் வரை தகடுகள் மின்சாரம் தரும், தண்ணீர் சும்மா நிற்கும். மேகம் வந்து தகடுகளை மறைத்தால் மின்சாரம் சட்டென்று இறங்கும். இறங்கிய அளவுக்குத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். ஊரில் ஒரு விளக்குகூட மங்கக் கூடாது. இதற்காகக் கூரைமேல் வானத்தைப் பார்த்தபடி ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். என் மகள் மதி, பள்ளியில் அப்பாவின் வேலை என்ன என்று கேட்டதற்கு, மேகம் பார்ப்பது என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். நான் யோசித்துப் பார்த்தேன், அதில் பிழை ஒன்றும் இல்லை.

போன மாசியில் ஒரு காலை. மணி ஒன்பதரை, ஊரில் பிற்பகல் மூன்று. என் அண்ணி ஓடையில் அடித்துக்கொண்டு போகப்பட்டுச் சரியாக ஒரு வருடம் நிறைந்த நாள், நிறைந்த நேரம். விடுப்புக் கேட்டிருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று வந்துவிட்டேன். மேற்கிலிருந்து ஒரு மேகம் வந்தது. திரையில் கோடு சரிந்தது. நான் பொத்தானை அழுத்தவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த ரூய் என்னை ஒருமுறை பார்த்தான், பிறகு தானே கையை நீட்டி அழுத்தினான். சைரன் மூன்று முறை ஊதியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கரையில் ஒரு கொக்கு மட்டும் நின்றது. இந்த ஒன்பது வருடத்தில் அந்தக் கரையில் நான் மனிதரைப் பார்த்தது விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்களில்தான்.

ஆளில்லாத கரைக்கு மூன்று முறை ஊதுகிறோம். அன்றைக்கு எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே.

2

கொல்லிமலையில் அரியூர் நாட்டைச் சேர்ந்தது எங்கள் ஊர். வீடுகள் மேட்டில் இருக்கும். கிழங்குக் காடும் பள்ளத்து நெல்வயல்களும் ஓடைக்கு அக்கரையில். பாலம் கிடையாது. நடு ஓடையில் ஆமை முதுகுபோல் ஒரு பாறை உண்டு. ஆமைக்கல் என்போம். அதை மிதித்துத்தான் போக வேண்டும், வர வேண்டும். சுமையோடு வருபவர்கள் அதன்மேல் நின்று மூச்சுவாங்கிக்கொள்வார்கள்.

எங்கள் ஆட்களுக்கு அந்த ஓடையைப் படிக்கத் தெரியும். இறங்குவதற்கு முன் தலைமாட்டு மலையை ஒரு பார்வை பார்ப்பார்கள். அங்கே கறுத்திருந்தால் இறங்க மாட்டார்கள். தண்ணீரில் சருகும் நுரையும் மிதந்து வந்தால் பின்னாலேயே செந்தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். சுமையைப் போட்டுவிட்டுக் கரையேற வேண்டும். இதெல்லாம் மழைத் தண்ணீருக்கு.

இன்னொன்று இருக்கிறது. வெயில் காலத்தில், வானம் துடைத்துவைத்தது போல் இருக்கும்போது, தெளிந்த தண்ணீர் திடீரென்று ஏறும். மேலே யாரோ வயலின் மடையை வெட்டிவிட்டிருப்பார்கள். முழங்கால் வரை வரும். ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரத்தில் வடிந்துவிடும். மடைத் தண்ணீருக்கு யாரும் ஓட மாட்டார்கள். ஓடினால்தான் பாசியில் வழுக்கும். ஆமைக்கல் மேல் ஏறி, சுமையோடு அசையாமல் நின்று, வடிந்ததும் நடப்பார்கள். நானும் பள்ளிக்கூடப் பையோடு அப்படி எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. நடக்கப் பழகும்போதே வந்துவிடும்.

இதைப் படிப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செந்தண்ணீருக்கு ஓட வேண்டும், தெளிந்த தண்ணீருக்கு நிற்க வேண்டும்.

3

ஐந்தாறு வருடங்களுக்கு முன் மலையில் அணை வரப்போகிறது என்ற பேச்சு வந்தது. எங்கள் ஓடையின் மேற்பகுதியில் அணை, அதற்குச் சற்றுக் கீழே மின்நிலையம். கீழே காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டிய வறண்ட காட்டில் ஏக்கர் ஏக்கராகச் சூரியத் தகடுகள். இரண்டையும் ஒரே கம்பியில் இணைக்கப்போகிறார்கள். நான் இங்கே செய்கிற அதே வேலை, என் ஊரில்.

உண்மையைச் சொல்வதென்றால் எனக்குத் தலைகால் புரியவில்லை. மலையை விட்டு வந்தவனுக்கு அங்கே ஒரு மதிப்பும் கிடையாது. மிளகு காய்த்ததா, கிழங்கு விலை போனதா என்று நான் கேட்டால், இவனுக்கு என்ன தெரியும் என்பது போல்தான் பதில் வரும். முதல்முறையாக ஊரே என்னிடம் ஒன்றைக் கேட்கப் போகிறது.

கேட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் கூட்டம். அணைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். அண்ணன் பெரியசாமி போனை ஸ்பீக்கரில் போட்டுத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் அரை மணி நேரம் பேசினேன். புகை கிடையாது, கரி கிடையாது, வெயிலும் தண்ணீரும் அண்ணன் தம்பி மாதிரி, ஒன்று ஓய்ந்தால் ஒன்று தாங்கும் என்றெல்லாம். கைத்தட்டல்கூடக் கேட்டது.

கேள்வி கேட்டது ஒரே ஒரு ஆள். என் அண்ணி சின்னப்பொண்ணு. அவர் கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிறவர் அல்ல. பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு விற்கும்போது தராசு முள்ளைவிட அவர் கண்ணுக்குத்தான் வியாபாரிகள் பயப்படுவார்கள்.

“ஏந்தம்பி, நீ தண்ணிய எப்ப வேணா தொறப்பேங்கற. ஓடையில நிக்கறவளுக்கு அது எப்படித் தெரியும்?”

நான் யோசிக்கவே இல்லை. “சைரன் ஊதுவாங்க அண்ணி. மூணு வாட்டி. இங்க நாங்க ஊதறோம், அங்கயும் ஊதித்தான் ஆகணும். சட்டம்.”

அப்படி ஒரு சட்டம் அங்கே இருக்கிறதா என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இங்கே இருப்பது எல்லா இடத்திலும் இருக்கும் என்று நினைத்தேன். நீ சொன்னால் சரி என்று சொல்லிவிட்டு, அண்ணிதான் பெண்களில் முதலில் கையெழுத்துப் போட்டாராம்.

சில மாதம் கழித்து, ஊரில் ஒட்டியிருந்த திட்ட வரைபடத்தை யாரோ படம் பிடித்து எனக்கு அனுப்பினார்கள். சைரன் கம்பங்கள் குறிக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ‘இரண்டாம் கட்டம்’ என்று சின்ன எழுத்தில் இருந்தது. எந்தத் திட்டத்திலும் இரண்டாம் கட்டம் என்றால் இப்போதைக்கு இல்லை என்றுதான் அர்த்தம், இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. அன்று மாலை ஷிஃப்ட். அடுத்த வாரம் மதியின் பிறந்தநாள். அப்படியே போய்விட்டது.

4

போன வருட மாசி. அணையைக் கட்டி முடித்து எந்திரங்களைப் புதிதாக ஓட்ட ஆரம்பித்திருந்தார்கள், சைரன் கம்பம் மட்டும் ஒன்றும் நடவில்லை. கிழங்கு வெட்டு நடக்கிற சமயம். மலைமேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. அண்ணன் முதல் சுமையோடு இக்கரை வந்து இறக்கிவிட்டார். அண்ணியும் ஒரு சுமை கொண்டுவந்து போட்டுவிட்டு, இரண்டாம் சுமைக்குத் திரும்பிப் போனார். போகும்போது ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவு.

கீழே, இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி, தகடுகள் இருக்கும் காட்டின்மேல் ஒரு மேகம் வந்து நின்றது. நாலு தூறலும் போட்டது. மின்சாரம் இறங்கியது. மலைமேல் எந்திரங்களை முழு வேகத்தில் சுழலவிட்டார்கள். அதைச் செய்தவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன், சைரனை ஊதிவிட்டு.

மின்நிலையத்திலிருந்து வெளியேறிய தண்ணீர் ஓடையில் இறங்கியது. அணைத் தண்ணீர். சருகு இல்லை, நுரை இல்லை, மண் நிறம் இல்லை. பளிங்கு மாதிரித் தெளிவு. இரண்டாம் சுமையோடு நடு ஓடைக்கு வந்திருந்த அண்ணிக்கு அது மடைத் தண்ணீர். மடைத் தண்ணீருக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார். ஆமைக்கல் மேல் ஏறிச் சுமையோடு நின்றார். வடியும் என்று காத்திருந்தார்.

இரண்டு வளைவு தாண்டி, மூங்கில் புதரில் கிடைத்தார். தலைச்சும்மாடு இன்னும் முடியோடு சிக்கியிருந்தது என்று சொன்னார்கள்.

நான் போகவில்லை. அண்ணன் மனைவி என்ற உறவுக்கு இங்கே விதிப்படி கிடைக்கிற விடுப்பு, போய்வருகிற விமானத்துக்கே போதாது. சம்பளமில்லாத விடுப்பு கேட்கலாம் என்றால், குடியுரிமை மனு போட்டிருக்கும்போது வெளியே போவது நல்லதில்லை என்று என் மனைவி சொன்னாள். சொன்னது அவள் என்றாலும், யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தது நான். போனில் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. கடைசியில் பார்த்தது அண்ணனின் கை மட்டும், அதில் ஒட்டியிருந்த கிழங்குக்காட்டு மண்ணோடு.

5

மூன்றாம் நாள் அண்ணன் கூப்பிட்டார். அழவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“மழை வெள்ளம்னு தாலுகா ஆபீசுல எழுதிட்டாங்க சாமி. கீழ தூறல் விழுந்ததாம், அளவு இருக்குதாம். மழையில போனதுக்குச் சைரன் எதுக்குன்னு கேக்கறாங்க. நீ இந்த வேலை பாக்கறவன். தண்ணி மழையில வரல, தொறந்துவுட்டதுலதான் வந்துச்சுன்னு ஒரு தாளு எழுதிக் குடு. அது போதும்.”

அவர் கேட்டது அவ்வளவுதான். அண்ணியைத் திருப்பித் தரும்படி யாரையும் கேட்கவில்லை. காகிதத்தில் மழை என்று இருக்கும்வரை சைரன் வராது, சைரன் வராதவரை அடுத்து யாரோ ஒருத்தி அந்தக் கல்மேல் நிற்பாள். ஒரு தாள் போதும்.

அதை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மாசியில் மலையில் மழை இல்லை, மேகம் சமவெளியில்தான் இருந்தது, தகடுகளில் இறங்கிய மின்சாரமும் எந்திரங்களில் ஏறிய மின்சாரமும் ஒரே நிமிடத்தில் பதிவாகியிருக்கும், அந்தப் பதிவை எடுத்துப் பாருங்கள் என்று எழுத வேண்டும். நான் என்ன செய்தேன்? வேலை ஒப்பந்தத்தில், தொழில் சம்பந்தமாக வெளியே எழுதக் கம்பெனியின் அனுமதி வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அனுமதி கேட்டு எழுதினேன்.

மனிதவளப் பிரிவு அதைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பியது. சட்டப் பிரிவு, இறந்தவர் உனக்கு என்ன உறவு, சான்று தா என்றது. இந்த ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கட்டாயம் வேண்டும் என்பதால், முதல் நாளிலேயே அப்பாவின் பெயரை எனக்கு வாலாக ஒட்டிவிட்டார்கள். அண்ணனின் ஆதாரில் அப்பா வெறும் ஓர் எழுத்து. ஆகவே காகிதப்படி நாங்கள் இருவரும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் இல்லை. நாங்கள் அண்ணன் தம்பிதான் என்று தாலுகா ஆபீசில் சான்றிதழ் வாங்க அண்ணன் நாலு முறை நடந்தார். மழை என்று எழுதிய அதே ஆபீஸ். சான்றிதழ் வந்தது, மொழிபெயர்ப்பு கேட்டார்கள். மொழிபெயர்த்தேன், முத்திரை கேட்டார்கள். முத்திரைக்குத் தூதரகம், தூதரகத்துக்கு முன்பதிவு, முன்பதிவுக்கு மூன்று மாதம்.

இதையெல்லாம் சொல்லும்போது வெள்ளைக்காரன் விதிமுறை என்று தலையில் அடித்துக்கொள்வது சுலபம். நானும் நண்பர்களிடம் அப்படித்தான் சொன்னேன். அனுமதி வேண்டியிருந்தது என்பது உண்மை. அது தாமதமாகத் தாமதமாக எனக்குள்ளே ஒரு நிம்மதி இருந்தது என்பதும் உண்மை. குடியுரிமை மனு முடிகிற வரை வம்பு வேண்டாம் என்று இருந்தேன். ஒரு தடவைகூட யாரையும் அவசரப்படுத்தவில்லை. அண்ணனும் சித்திரைக்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். அவருக்கு ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இப்படி நினைக்க ஒருவனுக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது பாருங்கள்.

6

போன தை மாதக் கடைசியில் அனுமதி வந்தது. ஒரே வரி. எங்கள் பெயர் வராத வரை எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. இந்த ஒரு வரிக்கு முக்கால் வருடத்துக்கு மேல்.

நான் கடிதத்தை எழுதி, அதன் ஆங்கிலத்தைச் சரிபார்க்க மதியிடம் கொடுத்தேன். அவளுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் போர்ச்சுகீசில் பதில் சொல்வாள். ஊருக்கு இரண்டு முறை போயிருக்கிறாள், ஒரு முறை காய்ச்சல், ஒரு முறை அட்டை கடித்தது, அவ்வளவுதான் அவளுக்குக் கொல்லிமலை. பெரியம்மா முகம் நினைவிருக்கிறதா என்று கேட்டால், மிளகு அனுப்புவார்களே அவர்களா என்பாள். சமையலறை டப்பாவில் அண்ணி கடைசியாக அனுப்பிய மிளகு இன்னும் இருக்கிறது. என் மனைவி அதை எடுப்பதில்லை, கடையில் வாங்கி வந்து உபயோகிக்கிறாள்.

மதி கடிதத்தைப் படித்துவிட்டு ஆங்கிலம் சரியாக இருக்கிறது என்றாள். பிறகு அவள் மொழியில் என்னைக் கேட்டாள். இதில் மேகம் வருகிறது, எந்திரம் வருகிறது, பெரியம்மா வருகிறார். நீங்கள் எங்கே?

நான் நிபுணனாக எழுதியிருக்கிறேன் என்று விளக்கினேன். அவள் விடவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னது நீங்கள், சைரன் வரும் என்று சொன்னது நீங்கள், அம்மா சொல்லியிருக்கிறாள். அது ஏன் இதில் இல்லை?

கடிதத்தை வாங்கி மேஜை டிராயரில் வைத்தேன். வருட நினைவு நாள் கழியட்டும் என்று சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். இந்த நாட்டில் பிள்ளைகள் அப்பனிடம் சண்டை போடுவதில்லை. தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். சண்டை போட்டாலே தேவலை.

7

நினைவு நாளன்று ஷிஃப்ட் முடிந்ததும் காரில் உட்கார்ந்தபடி அண்ணனைக் கூப்பிட்டேன். அனுமதி வந்துவிட்டது, கடிதம் தயார் என்றேன்.

“உன் தாளு வரும்னு வைகாசி வரைக்கும் பாத்தேன் கண்ணு. வரல. மழையிலதான் போனான்னு நானே கையெழுத்துப் போட்டுட்டேன்.”

கையெழுத்துப் போட்டால் அவரை வேலைக்கு வைத்துக்கொள்வதாக மின்நிலையத்துக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஓடைக்கரை எச்சரிக்கைப் பணி, தற்காலிகம். ஒரு விசில், ஒரு சிவப்புக் கொடி, ஒரு ஆரஞ்சு சட்டை. மேலே தண்ணீர் திறக்கும்போது போன் வரும். அண்ணன் ஓடிப்போய் விசில் ஊதி ஆட்களை ஏற்ற வேண்டும். சைரனுக்குப் பதில் என் அண்ணன். ஆபீஸில் ஏதோ வேலை என்று மட்டும் என்னிடம் சொல்லியிருந்தார். ஒன்பது மாதமாக அவர் இதைச் செய்துகொண்டிருக்கிறார், எனக்குத் தெரியாது.

ஏன் அண்ணா போட்டீங்க என்று கேட்டுவிட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்ட பிறகுதான் தோன்றியது. அவர் கோபப்படவில்லை. ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னார்.

“நாந்தான் அவள நிக்கச் சொன்னேன். ரெண்டாஞ் சொமையோட நடு ஓடைக்கு வந்துட்டா. தண்ணி ஏறுச்சு. என்னமோ சரியில்லீங்க, நான் திரும்பிப் போறேன்னா. மடைத் தண்ணி புள்ள, வழுக்கி உழுந்துருவ, கல்லு மேல ஏறி நில்லு, வடிஞ்சிரும்னேன். நின்னா.”

நான் காரின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி என் பேச்சைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார், அண்ணன் பேச்சைக் கேட்டு நின்றார். சந்தையில் ஒருவன் பேச்சையும் நம்பாத பெண், வீட்டு ஆம்பிளைகள் இரண்டு பேரை நம்பிப் போய்ச் சேர்ந்தார்.

நான் அழுது முடிப்பதற்கு அண்ணன் இடம் தரவில்லை. அவருக்கு வேறு கவலை இருந்தது. இத்தனை நாள் சனம் பயந்துகொண்டு ஓடைப்பக்கம் அதிகம் இறங்கவில்லை. இப்போது மறுபடி கிழங்கு வெட்டு, சுமையோடு இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். போன் வந்ததிலிருந்து ஆமைக்கல்லுக்குத் தண்ணீர் வர எத்தனை நிமிடம் என்று கேட்டார். அது எனக்குத் தெரியும். சரிவும் தூரமும் வைத்து எத்தனையோ முறை மனதுக்குள் கணக்குப் போட்டது. ஏழு எட்டு நிமிடம் என்றேன்.

“ஊட்டுல இருந்து நான் எறங்கறதுக்குப் பதினொண்ணு ஆவுது.”

ஓடைக்கரையிலேயே உட்கார்ந்துகொள்ளலாமே என்றால், அங்கே சிக்னல் கிடையாது. மேட்டில் இருந்தால் போன் கிடைக்கும், ஓடை கிடைக்காது. ஓடையில் இருந்தால் போன் கிடைக்காது. தண்ணீரை மெதுவாகத் திறந்தால் நேரம் கிடைக்கும், நாங்கள் இங்கே அப்படித்தான் செய்கிறோம். அதை அவர்களிடம் சொல்லியும் பார்த்துவிட்டாராம். மெதுவாகத் திறந்தால் கீழே மின்சாரம் அறுந்துவிடும் என்றார்களாம். அதுவும் பொய் இல்லை. அறுந்தால் என்ன என்று கேட்கத்தான் அங்கே ஆள் இல்லை.

“நீ மேகம் பாக்கறவந்தான? இங்கத்த மேகம் உனக்குத் தெரியுமா?” என்றார்.

தெரியும் என்றேன்.

“அப்ப மேகம் வரும்போதே நீ கூப்புடு. அந்தத் தாளையும் அனுப்பு. நான் பொய்யாக் கையெழுத்துப் போட்டேன்னு எழுது. நிக்கச் சொன்னது நான்னும் எழுது. என்னைய வேலைய விட்டு எடுத்தா எடுக்கட்டும். சைரன் வெச்ச பிற்பாடு எடுக்கச் சொல்லு.”

8

கடிதத்தை மறுபடி எழுதினேன். மேகம், எந்திரம், பதிவுகள் எல்லாம் முன்பு எழுதியது போலவே. கூட்டத்தில் போனில் பேசியது நான், சைரன் வரும் என்று தெரியாமலே உறுதி சொன்னது நான், இரண்டாம் கட்டம் என்பதைப் பார்த்தும் வாய் மூடியிருந்தது நான் என்று சேர்த்தேன். அண்ணன் சொன்ன இரண்டு வரிகளை எழுத மட்டும் மூன்று நாள் ஆனது. மதி படித்தாள். ஒரு காற்புள்ளியைத் திருத்தினாள். அனுப்பினேன். மழை என்று எழுதிய ஆபீசிலிருந்து, மனு பெறப்பட்டது என்று ஒரு எண் வந்திருக்கிறது. எனக்கு ஆபீஸ்களைத் தெரியும். முதலில் அண்ணனை எடுப்பார்கள், சைரன் பிறகு வரும், அல்லது வராது. தெரிந்தேதான் அனுப்பினேன். அனுப்பியது சரியா என்று இன்றுவரை தெரியாது.

அதுவரைக்கும் இப்படி நடக்கிறது. என் மேஜையில் ஒரு திரையில் எங்கள் நீர்த்தேக்கத்தின் வானம். பக்கத்தில் என் போனில், விண்ணிலிருந்து எடுத்த நாமக்கல் வட்டாரத்தின் மேகப்படம். அது சற்று நேரத்துக்கு ஒருமுறை மாறும். தகடுகள் இருக்கும் காட்டை நோக்கி ஒரு வெள்ளைத் திட்டு நகர்ந்தால், அது போய்ச் சேர்வதற்குள் எனக்கு இருபது நிமிடமாவது கிடைக்கும். உடனே அண்ணனைக் கூப்பிடுவேன். வாரேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்க ஆரம்பிப்பார். போனை அணைக்க மாட்டார். காலடிச் சத்தம், மூச்சு, செடிகள் உரசுவது எல்லாம் கேட்கும். பாதி வழியில் சிக்னல் அறுந்துவிடும். பிறகு அவர் திரும்பி மேட்டுக்கு ஏறிக் கூப்பிடும் வரை ஒன்றும் தெரியாது. ரூயிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வேலை நேரத்தில் போன் பார்க்கக் கூடாது என்பது விதி. அவன் அந்த நேரத்தில் காபி எடுக்கப் போய்விடுவான்.

என் விடுமுறை நாட்களில் மேகப்படத்தை வீட்டில் பார்க்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்தபோது மதி அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் வரவில்லை என்றாள், தமிழில்.

நான் தூங்கிவிட்டால், படம் நின்றுவிட்டால், அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒரு மலையின் உயிர் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒருவனின் கண் அசராமல் இருப்பதில் தொங்குகிறது. இதை ஏற்பாடு என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நேற்றும் மேகம் வந்தது. கூப்பிட்டேன். வாரேன் என்றார். காலடிச் சத்தம், மூச்சு, அறுந்தது. அதற்குள் இங்கேயும் ஒரு மேகம் வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினேன், சைரன் மூன்று முறை ஊதியது, தண்ணீரைத் திறந்தேன். கரையில் யாரும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அரை மணிக்குமேல் ஆனது. ரூய் இரண்டாவது காபியும் குடித்துவிட்டு வந்துவிட்டான்.

போன் அடித்தது. அண்ணனுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. அறுபதை நெருங்குகிறவர், மலை ஏறி வந்திருக்கிறார்.

“மூணு பேரு எறங்கியிருந்தாங்க. ஏத்திவுட்டுட்டேன். ஒருத்தி கல்லு மேல ஏறி நின்னுக்கிட்டு, மடைத் தண்ணிதானுங்க, வடிஞ்சிரும்னா. கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன்.”

மேட்டிலிருந்து ஓடையைத் திரும்பிப் பார்த்திருப்பார். பிறகு சொன்னார்.

“இப்பக் கல்லு தெரியல சாமி.”